கவர்னர் வந்திருக்காரு

கதவைத் தட்டுகிறவரிடம் "யாரது?" என்று கேட்டால் நம் ஆட்கள் சொல்வது ஒரே பதில்தான்: "நான்தான்." யோசித்துப் பார்த்தால் இதைப்போல ஒன்றுக்கும் உதவாத பதில் வேறு கிடையாது. திருடன்கூட அதையே சொல்லலாம். அவன் சொல்வது பொய்யும் ஆகாது. ஆனாலும் அந்த ஒரு சொல்லை நம்பி ஊர் முழுக்கக் கதவுகள் திறந்துகொண்டுதான் இருக்கின்றன.

என் சித்தப்பா மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அப்போது நாங்கள் பெருமாள்மலையில் இருந்தோம். ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு வாசல்கள். ஒன்றில் நாங்கள், மற்றதில் சித்தப்பாவும் சித்தியும். சித்தப்பா லாரி ஓட்டினார். கொடைக்கானலில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டில் போய் இறக்கிவிட்டு, மறுபடி மலையேறி வந்து கதவைத் தட்டுவார். வந்திருப்பது யாரென்று தெரிந்திருந்தும் சித்தி உள்ளேயிருந்து "யாரது?" என்பாள்.

"கரடி. பேரிக்கா இருக்கா?" என்பார் ஒருநாள். இன்னொரு நாள், வழி தவறி வந்த வெள்ளைக்காரப் பாதிரியாராக மாறித் தமிழைக் கடித்துத் துப்புவார். அவருக்கு மிகவும் பிடித்தது கவர்னர். "கவர்னர் வந்திருக்காரு. ரோடு பாக்க வந்தவரு. குளுருதாம், காப்பி கெடைக்குமான்னு கேக்காரு." அதற்கு சித்தி, "கவர்னருக்கெல்லாம் இங்க காப்பி கெடையாது, சுக்குத்தண்ணிதான்" என்பாள். சொல்லிவிட்டு அவள் சிரிக்கும் சத்தம் கேட்கும். அதன் பிறகுதான் தாழ்ப்பாள் விழுந்து கதவு திறக்கும். எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து தினமும் இந்த நாடகத்தைப் பார்ப்பேன். கவர்னருக்குப் போட்ட சுக்குத்தண்ணியில் எனக்கும் ஒரு தம்ளர் உண்டு.

என்னை அவர் டீச்சரம்மா என்று கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் நான் ஒன்றும் கிழித்துவிடவில்லை. கேள்வி கேட்கிறேனாம், அதற்காக. "நாம தூங்கும்போது நாம எங்க சித்தப்பா போறோம்?" என்று ஒருமுறை கேட்டேன். "வத்தலக்குண்டுக்கு. காலைல மொத வண்டிக்குத் திரும்பிர்றோம்" என்றார். எனக்கு அந்தப் பதில் முழுத் திருப்தியாக இருந்தது.

எங்கள் பக்கம் மூடுபனி என்று யாரும் சொல்வதில்லை, "மேகம் எறங்கிருச்சு" என்பார்கள். உண்மையில் அது பள்ளத்திலிருந்து ஏறித்தான் வரும். ஏறுவதை ஏன் இறங்கியது என்கிறீர்கள் என்று கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். மத்தியானச் சோறு உண்டு கை கழுவுவதற்குள் எதிர்வீடு காணாமல் போய்விடும். அப்படியான நேரங்களில் நான் வெளியே இருந்தால், அம்மா வாசலில் நின்று கூப்பிட்டபடியே இருப்பாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வீடு வந்துவிடும். மேகத்துக்குள் ஆள்தான் தெரியாது. பேச்சு மட்டும், தூரத்தில் பேசினாலும், காதுக்குப் பக்கத்தில் பேசுவது போலக் கேட்கும். ஆடோ மாடோ பிள்ளையோ, எது தப்பிப் போனாலும் எங்கள் ஊரில் இதுதான் வைத்தியம். வீட்டுக் குரல் கூப்பிட வேண்டும்.

மேகம் இறங்கிய ஒரு மத்தியானம் சித்தப்பாவின் லாரி, ஊருக்குச் சற்றுக் கீழே ஒரு திருப்பத்தில், மலைப்பக்கத்து மண்சுவரில் மோதிச் சாய்ந்தது. சித்தப்பா வெளியே வீசப்பட்டுக் கிடந்தார். உடம்பில் பெரிய காயமில்லை, தலையில் அடி. அவரை வேறொரு வண்டியில் தூக்கிப் போட்டுக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். லாரியிலிருந்து சிதறிய உருளைக்கிழங்கு, யாரும் கூப்பிடாமலே, பொழுது சாய்வதற்குள் ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

என் அப்பா கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் சமையல்கட்டில் வேலை பார்த்தார். அங்கே துரைமார்களோடு பழகியதில் அவர் பேச்சில் பாதி இங்கிலீஷாக இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், "கான்ஷியஸ் இல்ல. டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு" என்றார். சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அதைத் தமிழாக்கிச் சொன்னாள்: "நெனவு தப்பிருச்சாம்."

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. நினைவு தப்பிவிட்டது. ஆடு தப்பிவிட்டது என்பது போலவும், மேகத்தில் வழி தப்பிவிட்டது என்பது போலவும்தான் அது என் காதில் விழுந்தது. மறுநாளும் அப்பா போய்விட்டு வந்து "இன்னும் நெனவு திரும்பல" என்றார். எனக்குப் பெரியவர்கள் மேல் கோபம் வந்தது. தப்பிப் போனது அந்தத் திருப்பத்தில். இவர்கள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு அது வரவில்லை வரவில்லை என்கிறார்கள். அதற்கு ஆஸ்பத்திரிக்கு வழி எப்படித் தெரியும்?

மாதா கோவிலில் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரிடம் கேட்டுப் பார்த்தேன். மனுசனுக்குச் சரீரம் ஒன்று, ஆத்துமம் ஒன்று என்று அவர்தான் சொல்லியிருந்தார். "அப்ப நெனவு எதுல சேத்தி? சரீரத்துலயா, ஆத்துமத்துலயா?" என்றேன். அவர் மேற்கூரையைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, பாடம் முடியும்வரை முழங்காலில் நிற்கச் சொன்னார். பதில் தெரியாத கேள்விகளுக்கெல்லாம் அவரிடம் அந்த ஒரு மருந்துதான் இருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் பங்குச் சாமியார் ஆஸ்பத்திரிக்குப் போய், சித்தப்பாவுக்கு அவஸ்தை பூசிவிட்டு வந்தார். சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசும் எண்ணெய் அது. சேதி கேட்டு அம்மா அழுதாள். சித்தி அழவில்லை. சோறு குழைந்து கருகும் வரை அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். அப்போது அவள் வயிற்றில் குழந்தை இருந்தது.

இனிப் பெரியவர்களை நம்பிப் பயனில்லை என்று மறுநாள் மத்தியானம் நானே புறப்பட்டேன். நான் போய்ச் சேர்வதற்கும் மேகம் ஏறுவதற்கும் சரியாக இருந்தது. லாரி இன்னும் மண்சுவரில் சாய்ந்தபடி கிடந்தது. அதன் கண்ணாடித் துண்டுகள் ரோட்டோரத்தில் ஈரத்தோடு கிடந்தன. நான் பள்ளத்தின் பக்கமாகத் திரும்பி நின்று, அம்மா கூப்பிடுவதைப் போலவே வாயைக் குவித்துக் கூப்பிட்டேன்.

"சித்தப்பா! வீட்டுக்கு வாங்க!"

மலை கடைசி எழுத்துகளை மட்டும் திருப்பித் தந்தது. மறுபடி கூப்பிட்டேன். பிறகு கீழே எங்கோ சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. என் வாய் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டது: "யாரது?"

"நான்தான்."

ஆண் குரல். தெரிந்த குரல் மாதிரியும் இருந்தது, தெரியாத குரல் மாதிரியும் இருந்தது. விறகு பொறுக்கிக்கொண்டு மேலே ஏறி வந்த யாரோ ஒருவராக இருக்கும் என்று இன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் விறகுக்காரர் என்றால், "யாரு புள்ள நீ? இந்த மேகத்துல இங்க என்ன சோலி?" என்று ஒரு அதட்டலாவது போட்டிருப்பார். அந்தக் குரல் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

நான் வீட்டைப் பார்த்து நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, ஆனாலும் நான் பார்க்கவில்லை. கொஞ்சதூரத்துக்கு ஒருதரம் "வாங்க சித்தப்பா, இதான் வழி" என்று மட்டும் சொன்னேன். பின்னால் காலடி வந்துகொண்டிருந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. ரோடு பிரியும் இடத்திலுள்ள கடைகள் வந்து, பஸ் சத்தமும் ஆள் சத்தமும் கலந்தபோது, அந்தக் காலடி அதற்குள் எங்கோ கரைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோடு அங்கிருந்து நேர் ரோடுதான். இனி அதுவே போய்க்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வெள்ளனே அப்பா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். "கான்ஷியஸ் வந்துருச்சு! நேத்துச் சாயந்தரமே கண்ணு முழிச்சுட்டான்!" என்று தெருவிலிருந்தே கத்தினார். அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள். சித்தி அப்போதுதான் அழுதாள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. செய்த புண்ணியத்தைச் சொல்லிக் காட்டினால் பலன் போய்விடும் என்று உபதேசியார் சொல்லியிருந்தார்.

சித்தப்பா வீட்டுக்கு வந்த அன்று சித்தி தலை வாரிப் பூ வைத்து, வேண்டுமென்றே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவைத்தாள். அப்பா அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வாசலில் நிறுத்திவிட்டு, சிரித்துக்கொண்டே விலகி நின்றார். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். சித்தப்பா தட்டினார்.

"யாரது?" என்றாள் சித்தி. குரலிலேயே சிரிப்பு தயாராக இருந்தது.

"நான்தான்."

உள்ளே சத்தமே இல்லை. கொஞ்சம் பொறுத்து, அவர் சொன்னது காதில் விழாத மாதிரி, சித்தி மறுபடி கேட்டாள். "யாரது?"

"நான்தான்" என்றார் சித்தப்பா மறுபடியும்.

கதவு திறந்தது. சித்தியின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றிருந்தது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அதே சொல்லை, அதே தொனியில், நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் நான் செய்த காரியம் புரிந்தது. நான் கூப்பிட்டது "சித்தப்பா" என்று. பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, அது எனக்குப் பால்குடி காலத்திலிருந்தே சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் அந்தத் திருப்பத்தில் அதற்கு முன்னும் வண்டிகள் விழுந்திருக்கின்றன. விழுந்தவர்கள் எல்லாரும் யாருக்காவது சித்தப்பாவாகத்தான் இருந்திருப்பார்கள். சித்தப்பா என்று கூப்பிட்டால் வருகிறவர் யாருடைய சித்தப்பா? "யாரது" என்று கேட்டும் பார்த்தேன். "நான்தான்" என்றால் நான் என்ன கண்டேன்?

இத்தனைக்கும் சித்தப்பாவுக்கு எதுவும் மறந்து போகவில்லை. எல்லாரையும் அடையாளம் தெரிந்தது. லாரிச் சாவி எந்த ஆணியில் தொங்கும், கலியாணத்தன்று யார் எதற்குக் கோபித்துக்கொண்டு போனார்கள், எல்லாம் தெரிந்தது. ஆனால் எதைச் செய்வதற்கு முன்னும் கேட்டுக்கொள்வார். "நான் இந்தப் பக்கந்தான படுப்பேன்?" "இதான என் தட்டு?" கேட்பது ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கும். விருந்துக்கு வந்தவர் மாதிரி சாப்பாட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பார். என்னைப் பாப்பா என்று கூப்பிட்டார். வெயிலில் உட்கார்ந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், இரவல் வாங்கிய சாமானைப் பார்ப்பது போல.

ஒருநாள் அப்பா அவரிடம், வண்டி அன்று எப்படித்தான் மோதியது என்று கேட்டார். சித்தப்பா நிதானமாகச் சொன்னார்: "மெதுவாத்தான் ஓட்டிட்டு வந்தாரு. மேகத்துல திருப்பம் தெரியாமப் போச்சு அவருக்கு."

"யாருக்குடா?" என்றார் அப்பா.

சித்தப்பா சுற்றிலும் எங்கள் முகங்களைப் பார்த்தார். ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. "எனக்கு" என்றார்.

அன்று சாயங்காலமே சித்தி தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டாள். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தலையில் அடிபட்டவர் என்றாள், நாளாக நாளாகச் சரியாகும் என்றாள். சித்தி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாம் அவுகளாட்டந்தான் இருக்கு அக்கா. அவுகதான் இல்ல."

தூங்குவது போலப் படுத்திருந்த நான் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன். இந்த வீட்டில் அந்த விஷயம் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. அது எப்படி நடந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

சித்திக்குப் பிறந்த ஊர் அடுக்கம். அங்கிருந்து அவளுடைய அண்ணன் வந்து ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு ஆனது. பிரசவத்துக்கு என்று வெளியே சொன்னார்கள். ஆனால் பிரசவத்துக்குப் போகிறவள் கலியாணப் புடவையையும் சுவரில் மாட்டியிருந்த மாதா சுரூபத்தையும் எடுத்துப் பெட்டியில் வைப்பாளா? போனால் திரும்பி வரமாட்டாள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பெட்டி கட்டுவதற்காகச் சனிக்கிழமை அவள் தன் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். சித்தப்பா வெளியே கல்லில் உட்கார்ந்திருந்தார். பள்ளத்தில் மேகம் ஏறத் தொடங்கியிருந்தது.

"சித்தப்பா, என்கூடக் கொஞ்சம் வாரீங்களா? அந்தத் திருப்பத்துக்கு" என்றேன்.

ஏன் என்றுகூடக் கேட்காமல் எழுந்து வந்தார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பழைய சித்தப்பாவாக இருந்தால், டிக்கெட் எடுத்துவிட்டாயா டீச்சரம்மா என்றாவது கேட்டிருப்பார்.

லாரியை அப்புறப்படுத்தியிருந்தார்கள். மண்சுவரில் அது கிழித்த இடம் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அங்கே நின்றுகொண்டு, நான் வந்தது, கூப்பிட்டது, சருகுச் சத்தம், பின்னால் வந்த காலடி எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். பெரியவர்கள் யாரும் அதுவரை நான் சொல்லி இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"பேரச் சொல்லிக் கூப்பிடலியா?" என்றார்.

"பெரியவங்க பேரச் சொல்லக் கூடாதுல்ல."

"அதுவுஞ் சரிதான்." கொஞ்சநேரம் பள்ளத்தைப் பார்த்தார். "அப்ப, வந்தது யாருங்குற?"

"தெரியல. யாருக்கோ சித்தப்பா."

அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் அப்படித்தான் தோணுது, பாப்பா. எல்லாம் ஞாபகம் இருக்கு. கலியாணம், உன் ஞானஸ்நானம், உன்ன டீச்சரம்மான்னு கூப்பிடுறது, எல்லாம் இருக்கு. ஆனா யாரோ சொல்லிக் கேட்ட கதையாட்டம் கெடக்கு. என்னுதுன்னு தோண மாட்டேங்குது."

எனக்கு அழுகை வந்தது. தப்பான ஆளைக் கூட்டிவந்துவிட்டேனே என்பதற்காக மட்டுமல்ல. தப்பாக வந்தவருக்கும் இனிப் போக ஒரு இடம் தெரியவில்லையே என்று அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

"நீங்க கூப்பிடுங்க" என்றேன். "உங்க பேர நீங்க சொல்லலாம்ல?"

அவர் பள்ளத்தின் விளிம்புக்குப் போய், தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பெயரை இங்கே எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை, வளர்ப்பு அப்படி. முதல்முறை மெதுவாகக் கூப்பிட்டார். பிறகு உரக்க. "வாப்பா, வீட்டுக்குப் போவோம்" என்று சேர்த்துக்கொண்டார். ஒரு ஆள் தன்னையே அப்படிக் கூப்பிடுவதை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. மலை கடைசி எழுத்தைத் திருப்பித் தந்தது. நாங்கள் காத்திருந்தோம். சருகுச் சத்தம் கேட்கவில்லை. என் பாவாடை விளிம்பு நனைந்து கனக்கும் வரை நின்றோம்.

"வந்துட்டாரா?" என்றேன்.

"உன் சித்தி நாளைக்குப் போயிருவாளா?" என்று கேட்டார்.

"பெட்டி கட்டிக்கிட்டு இருக்காங்க."

"யாரு வந்தா இருப்பா?"

நான் யோசிக்கவே இல்லை. "கவர்னர்" என்றேன்.

திரும்பி நடக்கும்போது, "அத எப்படிச் சொல்லுவேன்?" என்றார். "வார்த்தையெல்லாம் தெரியுது. ராகந்தான் புடிபட மாட்டேங்குது. நீ தெனம் கேட்டவதான?"

நான் சொல்லிக் காட்டினேன். கவர்னரை நன்றாக இழுக்க வேண்டும். "ரோடு பாக்க வந்தவரு" என்பதைச் சாதாரணமாகச் சொல்லிவிட வேண்டும். "கேக்காரு" என்று முடிக்கும்போது மூக்கால் பேச வேண்டும். அவர் சொல்லிப் பார்த்தார். "அய்ய, இது சாமியார் பிரசங்கம் வைக்கிற மாதிரி இருக்கு" என்றேன். மறுபடி சொன்னார். "மூக்கு பத்தல." மறுபடி. எனக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. பாலம், கடைகள், எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒற்றையடிப் பாதை எல்லாம் மேகத்துக்குள் வந்து வந்து போயின. நாங்கள் மாறி மாறிக் கவர்னராகிக்கொண்டே வந்தோம். வேலிக்குப் பக்கத்தில் நின்று, "இன்னொரு தடவ பாத்துருவோம்" என்றார். சொன்னார். அச்சாகப் பழைய சித்தப்பா.

"இப்ப சரியா?"

"இப்ப நீங்கதான்" என்றேன்.

வரும் வழியெல்லாம் எங்கள் பின்னால் எந்தக் காலடியும் வரவில்லை. எங்கள் இரண்டு பேர் காலடிதான் கேட்டது. விளையாட்டு மும்முரத்தில் அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

சித்தப்பா கதவைத் தட்டினார்.

"யாரது?" சித்தியின் குரலில் ஒன்றுமே இல்லை.

"கவர்னர் வந்திருக்காரு. ரோடு பாக்க வந்தவரு. குளுருதாம், காப்பி கெடைக்குமான்னு கேக்காரு."

உள்ளே சத்தமில்லை. சித்தப்பா தகரத்திலிருந்து சொட்டும் நீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உதடு, சொல்லி முடித்த வார்த்தைகளை இன்னும் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஆனது மாதிரி இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்துவிடுவது கேட்டது.

"கவர்னருக்கெல்லாம் இங்க காப்பி கெடையாது" என்றாள் சித்தி. நிறுத்தினாள். "சுக்குத்தண்ணிதான்."

பிறகு அவள் சிரித்தாள். தாழ்ப்பாள் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் அடுக்கத்திலிருந்து வந்தார். பூசைக்குப் போனார், கறிச்சோறு சாப்பிட்டார், தனியாகவே திரும்பிப் போனார். சித்திக்கு ஆண்குழந்தை பிறந்தது. பிறகு இன்னும் இரண்டு. சித்தப்பா அதற்குப்பின் லாரியைத் தொடவில்லை. ரோடு பிரியும் சந்திப்பில் ஒரு காய்கறிக் கிட்டங்கியில் மூட்டைக் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போனார். பிள்ளைகளை நன்றாக வளர்த்தார், சித்தியை ஒருநாளும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. சாயங்காலம் வந்து கதவைத் தட்டுவார். கவர்னர் வருவார். தினமும் கவர்னர்தான். கரடி அதன்பிறகு வரவேயில்லை. வெள்ளைக்காரப் பாதிரியாரும் வரவில்லை. புதிதாகவும் ஒருவரும் வரவில்லை. நான் சொல்லிக்கொடுத்த அந்த ஒன்றை மட்டும், அதே இழுப்பு, அதே மூக்கோடு, சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இது எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆயிற்று.

அவர் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் போனபிறகு, நானும் சித்தியும் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தோம். அவள் சுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிக்கொண்டே, தலைநிமிராமல் சொன்னாள்.

"அன்னைக்கு நீ அவுகளுக்குச் சொல்லிக் குடுத்தது பூராவும் எனக்குக் கேட்டுச்சு."

எனக்கு எந்த அன்றைக்கு என்று கேட்கத் தேவைப்படவில்லை. "எங்கருந்து?" என்று மட்டும் கேட்டேன்.

"பாலத்துக்கிட்ட வரும்போதே கேட்டுச்சு. மூக்கு பத்தலன்னியே. மேகத்துல கேக்காமப் போகுமா?"

"பின்ன ஏன் தொறந்தீங்க?"

சித்தி சுக்குத் தட்டுவதை நிறுத்தினாள். "அம்புட்டுத் தொலவுலருந்து தட்டுத் தடுமாறி வந்து நிக்காக. யாராயிருந்தா என்ன, வெளிய நிறுத்த முடியுமா?" என்றாள். மறுபடி தட்டத் தொடங்கினாள். "எனக்குச் சிரிப்பு வரணும்ல. அதுக்குத்தான் செத்த நேரம் ஆயிப்போச்சு."

கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அன்று இது எதுவும் தெரியாது. சரியான ஆள் ஒருவழியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். சுக்குத்தண்ணியில் எனக்கும் ஒரு தம்ளர் கிடைக்குமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.